கோப்பைத் திறக்குமுன் நான்கு கேள்விகள்

அவசர சிகிச்சைப் பிரிவின் மூன்றாம் அறையில், மனநோயாளிகளை முதலில் பார்த்து மதிப்பிடும் பொறுப்பைப் பத்தொன்பது ஆண்டுகள் வகித்தவர் அந்தச் செவிலியர். சக ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நாலு கேள்வி சிஸ்டர்'. நோயாளியின் பழைய கோப்பு வந்ததும் அதை மேசைமேல் குப்புற வைத்துவிடுவார். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, ஒன்றுக்கு இரண்டுக்குப் போனீர்களா, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, விடைகளை எழுதிய பிறகே திறப்பார். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு முதியவரின் புலம்பலை, கோப்பைப் பார்த்துவிட்டு 'பழைய நோய்' என்றே எழுதிவிட்டார். முதியவருடைய இடுப்பெலும்பு முறிந்திருந்தது இரண்டு நாள் கழித்தே தெரியவந்தது. அன்று தொடங்கிய வழக்கம் இது.

ஒரு திங்கட்கிழமை காலை, தையற்காரர் ஒருவரை அவருடைய அக்கா அழைத்துவந்தார். தம்பி உட்கார மறுத்து, அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தொட்டவர் கையைத் தட்டிவிட்டார்.

"பழையபடி முத்திடுச்சு. ஊசி போட்டு, கட்டி, பூட்டு வார்டுக்கு அனுப்பிடலாம்," என்றார் மருத்துவர். வார்டு ஊழியர் துணிப்பட்டையுடன் வந்து நின்றார்.

"போன தடவை மூணு மாசம் உள்ள வெச்சிட்டீங்க டாக்டர். இப்பதான் கடையில திரும்பச் சேத்துக்கிட்டாங்க. மறுபடி போனா வேலையே போயிடும்," என்று அக்கா கெஞ்சினார்.

"நாலே நாலு கேள்வி, சார்," என்றார் செவிலியர்.

"நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும் சிஸ்டர்."

"அது எப்பவோ நரைச்சாச்சு சார்."

தையற்காரரை உட்காரச் சொல்லாமல், கூடவே நடந்தபடி செவிலியர் கேட்டார். மூன்றாம் கேள்வியில் தையற்காரர் நின்றார்.

"ஒண்ணுக்கா? நேத்துக் காலையில போனது. அப்புறம் வரவே மாட்டேங்குது."

"ஏன்டா சொல்லல?" என்றார் அக்கா.

"எல்லாரும் உட்காரு உட்காருன்னீங்க. யாரு கேட்டீங்க?"

செவிலியர் அவருடைய அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கல்லாக இருந்தது. அதன்பின் கோப்பைத் திறந்தார். சென்ற வாரம் தொடங்கிய புது மாத்திரை ஒன்று சிறுநீரை அடைக்கக்கூடியது. மருத்துவர் உடனே குழாய் செருக ஏற்பாடு செய்தார். ஒரு லிட்டருக்கு மேல் வெளியேறியது. மாத்திரை மாற்றப்பட்டது. மாலையில் தானாகவே சிறுநீர் கழிக்கிறார் என்று உறுதியானதும், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

சீட்டு வரும்வரை அவர் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்திருந்தார். எதிரே ஆணியில் தொங்கிய பட்டையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, வார்டு ஊழியரை அழைத்தார்.

"அண்ணே, அந்தப் பட்டையில தையல் விட்டிருக்கு பாருங்க. எனக்குக் கட்டியிருந்தா ரெண்டு இழுப்புல பிஞ்சிருக்கும்."