தோழி சொன்ன இந்திப் படங்கள்

எனக்கு இந்தி தெரியாது. முப்பது வருஷமாக இந்திப் படம் பார்க்கிறேன், இன்னமும் தெரியாது. என் கணவருக்கு இது தீராத ஆச்சரியம். "இம்புட்டுப் படம் பார்த்ததுக்கு இந்நேரம் நீ டெல்லியில போய்க் கடையே போட்டிருக்கலாம்" என்பார். அவர் கணக்கு வாத்தியார். எதைச் செய்தாலும் கடைசியில் ஒரு விடை வந்தாக வேண்டும் அவருக்கு.

நான் பனிக்காகப் பார்க்க ஆரம்பித்தவள். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடுவில் எங்கள் வீடு. வாரத்துக்கு ஒரு இந்திப் படம் டிவியில் போடுவார்கள். அதில்தான் முதன்முதலாகப் பனியைப் பார்த்தேன். மலை முழுக்க வெள்ளை. நடுவில் ஒருத்தி மெல்லிசான சேலையைக் காற்றில் விட்டுக்கொண்டு ஆடி வருகிறாள். அவளுக்குக் குளிரவே இல்லை. சித்திரைப் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கையில் மயிர் சிலிர்த்தது. அவர்கள் பேசுவது ஒன்றும் விளங்காது. ஆனால் முகம் விளங்கும், மழை விளங்கும். ரயில் கிளம்பும் நேரத்தில் ஒருத்தி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கத் தாமதிப்பது நன்றாக விளங்கும். மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். நான் கட்டியதும் படமும் சேர்ந்தே ஓடும். மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தபின் கனவு கொஞ்ச நேரம் கண்ணிலேயே நிற்குமே, படம் முடிந்தபின் அப்படித்தான் இருப்பேன்.

தமிழ்ப் படத்தில் எனக்கு அந்த மிதப்பு கிடைத்ததில்லை. அதில் வருகிற தெருவெல்லாம் தெரிந்த தெரு. அதட்டுகிற குரலெல்லாம் என் சித்தப்பாக்களின் குரல். யார் வீட்டு வாசலில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று பார்த்த உடனே புரிந்துவிடும். இந்திப் படத்தில் என்னை யாருக்கும் தெரியாது. அந்த மலையில் யாரும் என்னிடம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை.

படித்து முடித்து, கோரிப்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் என் தோழி கிடைத்தாள். வாசல் கவுண்டரில் ரசீது போடுகிறவள். தர்காவுக்குப் பின்னால் வீடு. வீட்டில் உருது பேசுகிறவர்கள். நான் ஊசியைக் கையில் எடுத்தால் ஏதாவது ஒரு இந்திப் பாட்டை முனகுவது வழக்கம். வார்த்தை தெரியாததால் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்புவேன். ஒருநாள் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "ஏ புள்ள, நீ பாடுறது பாட்டா, மாத்திரைப் பேரா?"

அன்றைக்கே அந்தப் பாட்டின் அர்த்தத்தைச் சொன்னாள். 'உன் கண்ணில் என் ஊர் தெரிகிறது' என்று வருகிறதாம். எனக்குத் தலை சுற்றியது. அதுவரை அது மழையைப் பற்றிய பாட்டென்று நினைத்திருந்தேன்.

காலை ஆறு மணிக்குத் தொடங்கும் வேலை ஒரு மணிக்கு முடிந்துவிடும். மாதத்தில் இரண்டு மூன்று மத்தியானம் படத்துக்குப் போவோம். மதுரையில் இந்திப் படம் என்றால் ஒரே ஒரு ஸ்கிரீன், பகலில் ஒரே ஒரு காட்சி, பெரும்பாலும் ஒரே ஒரு வாரம். எங்களையும் சேர்த்துப் பதினைந்து இருபது பேர் இருப்போம். முன்வரிசையில் டைல்ஸ் ஒட்டுகிற, ஓட்டலில் ரொட்டி போடுகிற வடக்கத்தி ஆட்கள். அவர்கள் முதலில் சிரிப்பார்கள். அடுத்து தோழி சிரிப்பாள். பிறகு என் காதருகே குனிந்து சொல்வாள். கடைசியாக நான் சிரிப்பேன். என் சிரிப்பு மட்டும் தனியாக இருட்டில் கேட்கும். வெளியே வந்தால் நாலரை மணி வெயில் கண்ணைக் கூசும். வைகைப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போகும்போது கீழே வறண்டு கிடக்கிற மணல் எனக்குக் கொஞ்ச நேரம் பனியாகத்தான் தெரியும். அதை நான் அவளிடம்கூடச் சொன்னதில்லை.

என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். என் கணவரின் அப்பாவும் அம்மாவும் எங்கள் கொடிக்காலில் கூலிக்கு வந்தவர்கள். அவர் படித்து வாத்தியாரானார். ஒரே பஸ்ஸில் மதுரைக்கு வந்து போனோம், பேசினோம், முடிவு செய்தோம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் மின்விசிறி ஓடாத ஒரு அறையில் கல்யாணம். படத்தில் வருகிற மாதிரி குதிரையும் இல்லை, கொட்டும் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தோழி எனக்கு வளையல் போட்டுவிட்டாள். ஆனையூரில் வாடகைக்கு வீடு பிடித்தோம்.

அப்பா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. போன் செய்தால் எடுத்து, என் குரல் கேட்டதும் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மூன்று வருஷம் அப்படிப் போனது. பிறகு ஒரு காய்ச்சல் வந்து, நாலே நாளில் இறந்துபோனார். தகவல் தெரிந்து நான் போனபோது அவரைக் கிடத்தியிருந்தார்கள். என்னை உள்ளே போகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. என் கணவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை ஓரமாக, எடுக்கிறவரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

ஒரு மாதம் நான் லேபில் யாரோடும் பேசவில்லை. ஊசியை எடுத்தால் பாட்டு வரவில்லை. ஒருநாள் ஒரு மணிக்குத் தோழி என் கைப்பையைத் தூக்கிக்கொண்டாள். "வா. பனி விழுற படம் வந்திருக்கு" என்றாள்.

உண்மையிலேயே நிறையப் பனி விழுந்தது அந்தப் படத்தில். மலை ஊர் ஒன்றில் பஸ் ஓட்டுகிற அப்பா. அவர் சொல்லை மீறிப் பிடித்தவனோடு போய்விட்ட மகள். பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறாள். அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். ஜன்னல் திறந்திருக்கிறது, வெளியே வெள்ளை வெள்ளையாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து என்னவோ சொல்கிறார். இரண்டு மூன்று வாக்கியம் இருக்கும். அவள் ஒரே ஒரு வார்த்தை பதில் சொல்கிறாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

தோழி உடனே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் காதருகே வந்தாள். "'நீ போன அன்னைக்கே என் கோவம் போயிருச்சு. கூப்பிடத்தான் வாய் வரல'ங்கிறாரு."

"அவ?"

"'தெரியும்ப்பா'ங்கிறா."

நான் வாய்விட்டு அழுதேன். முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். தோழி தன் முக்காட்டின் ஓரத்தை என் கையில் கொடுத்தாள்.

அதற்கப்புறம் அந்த வார்த்தை என் அப்பாவின் வார்த்தையாகிவிட்டது. எப்போது, எப்படி என்று தெரியாது. கனவில் அப்பா அந்தக் கட்டிலில் படுத்திருப்பார். கொடிக்காலில் அகத்தி மரமெல்லாம் வெள்ளையாகிக் கிடக்கும். வெற்றிலை மேல் பனி உட்கார்ந்திருக்கும். சட்டையில்லாமல், துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு, குளிரே தெரியாமல் அப்பா சொல்வார்: கூப்பிடத்தான் வாய் வரல. விழித்தபின் மனசு லேசாக இருக்கும். பத்து வருஷம் அந்த லேசிலேயே வாழ்ந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஊருக்குப் போவேன், முன்ரூமில் உட்கார்ந்து அம்மாவோடு அரைமணி நேரம் பேசுவேன், திரும்பிவிடுவேன். அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அம்மாவிடம் நான் எதுவும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் கணவர் டிவியில் எதையோ தேடிக்கொண்டிருந்தவர் கூப்பிட்டார். "உன் பஸ் டிரைவர் படம் இருக்கு. கீழ தமிழ்ல எழுத்து வேற போடுறான். வா."

ஆசையாக உட்கார்ந்தேன். கட்டில் வந்தது, ஜன்னல் வந்தது, பனி வந்தது. அப்பா கண்ணைத் திறந்தார். கீழே எழுத்து ஓடியது: 'ஜன்னலைச் சாத்தும்மா. குளிர் உள்ளே வருகிறது. நீ புதிதாக வந்திருக்கும் நர்ஸா?'

அவள் சொன்ன ஒற்றை வார்த்தை: 'ஆமாம்.'

திரும்பப் போடச் சொன்னேன். மறுபடியும் போடச் சொன்னேன். மூன்றாவது தடவை என் கணவர் திரையை விட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். என் உடம்பு தரையில் நன்றாக அழுந்தி உட்கார்ந்திருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ரொம்ப நாள் படகில் இருந்துவிட்டு இறங்கியவள் மாதிரி.

மறுநாள் வேலை முடிகிறவரை பொறுத்திருந்தேன். சிக்னல் பக்கத்து ஜூஸ் கடையில் வைத்துத் தோழியிடம் கேட்டேன்.

"அந்த ஆஸ்பத்திரி சீன்ல, புரியாமத் தப்பாச் சொன்னியா, புரிஞ்சே தப்பாச் சொன்னியா?"

எந்தப் படம் என்று அவள் கேட்கவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"புரிஞ்சுதான்" என்றாள். "பெத்த மகளைப் பாத்து நர்ஸான்னு கேக்குறான் அந்த மனுசன். நீ என் தோள்ல சாஞ்சு, என்ன சொல்றாருன்னு கேக்குற. உங்க அப்பா மவுத்தாகி ஒரு மாசம்தான் ஆயிருக்கு. நான் என்ன புள்ள செய்ய? வாயில வந்ததச் சொல்லிட்டேன். நீ அழுததப் பாத்ததும் எனக்கே பயமாப் போச்சு."

"பத்து வருசமா ஒரு நாள்கூடச் சொல்லத் தோணலையா?"

"ஒவ்வொரு பெருநாளைக்கும் சொல்லிறணும்னு நெனைப்பேன். நீ வீட்டுக்கு வந்து சிரிச்சுப் பேசிட்டு இருப்ப. எப்படிச் சொல்ல?"

ரோட்டில் நாலு பக்கமும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக இன்னொன்றும் சொன்னாள்.

"இதையும் சொல்லிடுறேன். பாதிப் படம் எனக்கே புரியாது. எங்க வீட்டு உருது மதுரைத் தண்ணி குடிச்சு வளந்தது. அவங்க பேசுற வேகம் எனக்குப் பிடிபடாது. முன்னால இருக்குறவங்க சிரிச்சா நானும் சிரிப்பேன்."

"அண்ணன் தம்பி படத்துல, தம்பி செஞ்ச கொலையத்தான் அண்ணன் ஏத்துக்கிட்டு ஜெயிலுக்குப் போறான்னு சொன்னியே?"

"அவன் எதுக்குப் போனான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். நல்ல காரணமா இருக்கட்டுமேன்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன், அதோடு கோபமும் இருந்தது. வீட்டுக்கு வந்தபின் கோபம் மட்டும் மிஞ்சியது. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று தோன்றியது: அப்படியானால் என் அப்பா என்னதான் சொன்னார்?

அடுத்த ஞாயிறு காலை ஊருக்குப் போனேன். அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் உரித்தேன்.

"அம்மா, அப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்னத்தச் சொன்னாரு. காய்ச்சல் வேகத்துல, கொடிக்கால் மோட்டாரை அமத்தியாச்சான்னு கேட்டாரு. அமத்தியாச்சுன்னேன். அம்புட்டுத்தான்."

"என்னையப் பத்தி?"

அம்மாவின் கை நின்றது. "இல்லத்தா" என்றாள். "சொல்லியிருந்தா உன்கிட்டச் சொல்லாம இருப்பேனா?"

வலித்தது. ஆனால் நான் பயந்த மாதிரி வலிக்கவில்லை. மோட்டாரைக் கேட்டது என் அப்பாதான். அந்தக் குரல் அவருடையதுதான்.

"இத்தன வருசமா ஏன் கேக்கல?" என்றாள் அம்மா.

படக் கதையைச் சொன்னேன். மலையூர், பஸ், பனி, தோழி காதில் சொன்னது, கீழே ஓடிய எழுத்து எல்லாம். அம்மா உரிப்பதை விட்டுவிட்டுக் கேட்டாள். முடித்ததும் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பிள்ளை, நான் உன் மகதான்னு சொல்லியிருக்கலாம். பாவம், அசந்து கெடக்குற மனுசனை எதுக்கு உலுக்கணும்னு விட்டிருப்பா. உன் கூட்டாளியும் அப்படித்தான் நெனச்சிருப்பா. அவகூடச் சண்டை போடாத."

பிறகு முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"நீயும்தான் பத்து வருசமா என்னைய உன் வீட்டுக்கு வான்னு ஒரு வார்த்தை கூப்பிடல."

"நீ வரமாட்டேன்னு நெனச்சேம்மா."

"நீ கூப்பிடலையேன்னு நான் இருக்கேன்."

திரும்புகிற பஸ்ஸிலிருந்தே தோழிக்குப் போன் செய்தேன். அம்மா சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "வெள்ளிக்கிழமை புதுப் படம் மாறுது, வாரியா?" என்றாள். "இனிமே புரியலன்னா புரியலன்னு சொல்லிருவேன்" என்றும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. அன்றைக்குத்தான் அம்மா ஆனையூர் வந்தாள். என் கணவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றார். அம்மாவின் பையை அவர் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள்.

"என்ன மாப்ள, தண்ணி உப்பாக் கெடக்கு?"

அவரை அம்மா அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. "போர் தண்ணி அத்தை. கேன் தண்ணி இருக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று பதறித் திரும்பினார்.

"வேண்டாம், இதுவே இருக்கட்டும்" என்று சொல்லி, அண்ணாந்து மீதியையும் குடித்து முடித்தாள்.

மத்தியானம் சாப்பிட்டபின் அம்மா முன்ரூமில் பாயில் படுத்தவள், படுத்ததும் தூங்கிவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிக் காற்றில் அவள் நரைமுடி நெற்றியில் விழுந்து விழுந்து எழுந்தது. தூக்கத்தில் உதடு அசைந்தது, என்னவோ சொன்னாள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. எழுந்ததும் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.