இருபது வினாடி இருட்டு

கொமிற்றியில் சேர்ந்தால் மனிதனுக்கு மூளை சுருங்கிவிடுமோ? போன மாதத்திலிருந்து எனக்கு இந்தச் சந்தேகம்.

திருகோணமலையில் ஒரு சிறிய குறும்பட விழா நடந்தது. படங்களை முன்கூட்டியே பார்த்து, 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று சொல்ல மூன்று பேர் கொண்ட கொமிற்றி வேண்டுமாம். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் தலைவர். இன்னொருவர் கடை முதலாளி. மூன்றாவது ஆள் — வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிற பாவத்துக்காக — நான்.

விதிகள் அரைப் பக்கம்தான். மது கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. ஆணும் பெண்ணும் தொடக்கூடாது.

வந்த படங்களில் ஒன்று சுபாவுடையது. மூதூர்ப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். கணவனைக் கடலில் இழந்த ஒரு பெண்ணும், ஒரு மீனவரும் மெல்ல நெருங்குகிற கதை. நாயகி, கட்டைபறிச்சானில் தையல் தைக்கிற கமலா. நிஜத்திலும் கணவன் இல்லாதவர். ஆட்டோ ஓட்டுகிற தன் மகனிடம் கேட்டுவிட்டுத்தான் நடிக்கவே சம்மதித்தாராம்.

படத்தில் ஒரு காட்சி. வலை இழுத்துத் தோள் பிடித்துக்கொண்ட மீனவருக்குக் கமலா நோவெண்ணெய் பூசிவிடுகிறார். வாசல் திறந்தே கிடக்கிறது. முற்றத்தில் கோழி மேய்கிறது. அவ்வளவுதான்.

"தொடுகை," என்றார் தலைவர். "வெட்டுங்கோ டீச்சர்."

"சேர், அது வைத்தியம்."

"வைத்தியமெண்டா ஆஸ்பத்திரியிலை செய்யட்டும்!"

நான் சிரித்தேன். சிரித்ததோடு சரி... வாதாடவில்லை. அன்று கொளுத்துகிற வெயில். அதற்கு முன் எட்டுப் படம் பார்த்திருந்தோம். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

சுபா திருத்திக்கொண்டு வந்தார். இப்போது கை இல்லை. மீனவரின் முகம் மட்டும்.

"முகத்தைப் பாத்தா இன்னும் மோசமாக் கிடக்கு," என்றார் தலைவர்.

அடுத்த தரம், எண்ணெய்ப் போத்தல் மட்டும்.

"சாராயம் எண்டெல்லோ சனம் நினைக்கும்!" என்றார் முதலாளி.

கடைசியாக வந்தது இருட்டு. இருபது வினாடிக்குத் திரையில் ஒன்றுமே இல்லை. குரல் மட்டும். "ஆ... மெதுவா" என்கிறார் அவர். "கொஞ்சம் பொறுங்கோ" என்கிறார் கமலா.

"இப்ப ஓம்," என்றார் தலைவர். "பாக்கிறதுக்கு ஒண்டுமில்லைத்தானே."

மூவரும் கையெழுத்துப் போட்டோம். சுபா கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். படம் எடுக்கிறவர்கள் எந்தக் காலத்தில்தான் வழி கண்டுபிடிக்கவில்லை? இரண்டு பூக்களை முட்டவிட்டே எத்தனை கலியாணங்களைத் திரையில் முடித்து வைத்தார்கள்!

ஞாயிறு பிற்பகல் திரையிடல். மண்டபம் நிறைந்திருந்தது. கமலா புதுச் சேலையில், மகனோடு மூன்றாம் வரிசையில் இருந்தார்.

இருட்டு வந்தது. "ஆ... மெதுவா."

பின்வரிசையிலிருந்து ஒரு விசில். பிறகு சிரிப்பு. பிறகு நாலைந்து விசில். வெளிச்சத்தில் எண்ணெய் பூசியிருந்தால் எவன் விசிலடித்திருப்பான்?

மகன் எழுந்து வெளியே போனான். கமலா போகவில்லை. படம் முடியும்வரை குனிந்த தலை நிமிராமல் இருந்தார்.

மூன்று நாள் கழித்து சுபா போன் எடுத்தார். "சேர், மகன் தாயோட கதைக்கிறானில்லை. கமலாக்கா தைக்க வாற துணியையும் திருப்பி அனுப்புறா. ஒருக்கா வர ஏலுமா?"

கமலாவின் வீட்டுக்குப் போனேன். சுபா லப்டொப்பில் வெட்டாத காட்சியைப் போட்டார். மகன் நின்றபடியே பார்த்தான். தோள். கை. எண்ணெய். கோழி.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் தம்பி," என்றேன்.

இன்னொருமுறை போடச் சொன்னான். பிறகு தாயிடம் திரும்பினான். "அம்மா, நீங்கள் சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டனியே?" என்றார் கமலா. "பாத்துட்டு ஏசியிருந்தா தாங்கியிருப்பன். நீ ஒண்டும் பாக்காமலே எழும்பிப் போட்டாய்."

அவன் தாயின் பக்கத்துக் கதிரையில் இருந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சேர், நீங்கள் முழுசாப் பாத்தனீங்கள்தானே? பிறகேன் வெட்டச் சொன்னனீங்கள்?"

எனக்குக் களைப்பாக இருந்தது என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. அதை அந்த வீட்டில் எப்படிச் சொல்வது? "பிழைதான்," என்று மட்டும் சொன்னேன்.

கத்தரிக்கோலோடு இருக்கிறவர்கள் எல்லாரும் ஒழுக்கத்தைக் காக்கத் துடிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். பாதிப்பேர், சீக்கிரம் வீட்டுக்குப் போக நினைக்கிறவர்கள்.

மகன் தாயோடு கதைக்கிறானாம். துணியும் வருகிறதாம். அடுத்த படத்தில் நடிக்க சுபா கேட்டதற்கு, "யோசிக்கிறன்" என்றிருக்கிறார் கமலா.

நேற்றுத் தலைவர் போன் எடுத்தார். வருகிற வருடமும் நான் கொமிற்றியில் இருக்க வேண்டுமாம். ஏலாது, கண் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பொய்யில்லை.