ரொட்டி மாஸ்டரின் ஈரத்தலை

அந்தக் குடியிருப்பில் அழுக்குச் சட்டைதான் மரியாதையான சட்டை என்று ஆகிப்போயிருந்த கோடை அது. துவைத்த சட்டையோடு யாராவது படியிறங்கினால் போதும், கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். "என்ன, வீட்டுக்குள்ள ஆறு ஓடுதா?" என்று ஒரு குரல் வரும். சட்டைக்காரர் நின்று, "புதுசுங்க, இப்பத்தான் பிரிச்சேன்" என்று காலரில் ஒட்டியிருக்கும் சீட்டைக் காட்டிவிட்டுத்தான் நகர முடியும். மாடி வீட்டுத் தையல்காரம்மா, கழுவாத பாத்திரங்களை வாசலிலேயே அடுக்கி வைத்திருந்தார். வருகிறவர் போகிறவர் பார்த்து மெச்ச வேண்டாமா?

மழை ஏமாற்றிவிட்டது. தொட்டி காலையில் ஒருமுறை மட்டும் திறக்கும். குளியல் ஒருநாள் கீழ்த்தளத்துக்கு, மறுநாள் மேல்தளத்துக்கு. முறை இல்லாத நாளில் தலை நனைக்கக் கூடாது. நனைத்தவரைப் பிடிப்பதற்காக உண்டான வழக்கத்துக்குப் பெயர் தலை பார்த்தல்.

தலை பார்ப்பவர் குடியிருப்பின் செயலாளர். காலமெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திவிட்டு, இப்போது கடையை மகனிடம் விட்டிருந்தார். படிக்கட்டின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே வருகிறவரும் வெளியே போகிறவரும் குனிய வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு உச்சந்தலையில் கை வைப்பார். "கண்ணை நம்பக் கூடாதுங்க. ஊருக்கே கண்ணாடி போட்டவன் சொல்றேன். கையைத்தான் நம்பணும்" என்பார்.

கீழ்வீட்டு ரொட்டி மாஸ்டரின் தலையில் அந்தக் கை முதன்முதலாக விழுந்தபோது பச்சென்று ஒட்டிக்கொண்டது.

"மாஸ்டர், இன்னைக்கு மேல்தளத்து முறை."

"தெரியும் சார்."

"நீங்க கீழ்த்தளம்."

"தெரியும் சார். இது வேர்வை."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"வேற யாரு சார் சொன்னாங்க?"

செயலாளர் யோசித்துப் பார்த்தார். வேறு யாரும் சொன்னதில்லை. "இனிமே சொல்லுவாங்க" என்றார்.

ரொட்டி மாஸ்டரை அறிந்தவர்களுக்கு இதில் சிரிக்க மட்டுமே இருந்தது. பிறந்ததிலிருந்தே அவர் வேர்த்துக் கொட்டும் மனிதர். பள்ளிக்கூடத்தில் அவர் எழுதிய பரீட்சைத் தாளில் மை கரைந்து விடைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எந்த விடை எந்தக் கேள்விக்கு என்று தெரியாமல் வாத்தியார் தோராயமாகத் தேர்ச்சி போட்டுவிடுவார். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை அப்போதுதான் ஆற்றிலிருந்து மீட்கப்பட்டவர் போல் நிற்கிறார். பார்க்கிறவர்கள் "அன்னைக்கு மழையா?" என்று கேட்பார்கள். அவர் மனைவி ஆமாம் என்று சொல்லிவிடுவார். விளக்குவதைவிட அது சுலபம்.

மாஸ்டர் முதலில் துணிக்கடை வேலைக்குப் போனார். அவர் பிரித்துக் காட்டிய பட்டிலெல்லாம் ஐந்து விரலும் பதிந்தன. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தார். அதன் பிறகு கிடைத்ததுதான் பேக்கரி. பெரிய அடுப்பு, தாழ்ந்த கூரை, ஒரே ஒரு சன்னல். அங்கே எல்லோருக்கும் வேர்த்தது. முதல் நாள் சுற்றிலும் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது வேர்வையோடு வேர்வையாகப் போய்விட்டதால் யாருக்கும் தெரியவில்லை. உலகத்தில் அவர் சாதாரணமாக இருக்க முடிந்த ஒரே இடம் அந்த அடுப்படிதான். விடியும் முன் போய் உச்சிவெயிலில் வீடு திரும்பும் வாழ்க்கையில் அவருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை, இந்தக் கோடை வரை.

"வேலைக்குப் போன இடத்துல இருந்து நனைஞ்சு வர்றவர், இங்க இருக்கற தண்ணிய எப்படிங்க எடுக்க முடியும்?" என்று அவர் மனைவி செயலாளரிடம் கேட்டார்.

பதில் மாடியிலிருந்து வந்தது. "ஏன், கேன்ல பிடிச்சுக்கிட்டுப் போய் அங்க குளிச்சுட்டு வரலாம்ல?" தையல் மெஷின் நின்றிருந்தது. அது நின்றால் தையல்காரம்மா காது கொடுக்கிறார் என்று அர்த்தம்.

"அக்கா, அவர் கையில சாப்பாட்டு டப்பாதான் இருக்கு."

"டப்பா பெருசாத்தான் இருக்கு."

அன்று சாயங்காலமே குடியிருப்பில் கூடி முடிவெடுத்தார்கள். இன்னொரு தடவை மாஸ்டரின் தலை ஈரமாக இருந்தால் அவர் வீட்டுக் குழாயின் வால்வை மூடிவிடுவது. மழை வந்த பிறகுதான் திறப்பது.

வேறு சமயமாக இருந்தால் மாஸ்டர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். ஆனால் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. வெளியூரில், ஒத்தாசைக்கு ஆளில்லாமல், ஒற்றை அறையில் கிடந்தாள். "அப்பா, அங்க வந்துடட்டுமா? தண்ணி இருக்கும்ல? இல்லேன்னா சொல்லிடுங்க, பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு வந்து அல்லாட முடியாது" என்று போனில் கேட்டாள். "கிளம்பி வா கண்ணு, தண்ணிக்கென்ன" என்று சொல்லிவிட்டார் மாஸ்டர். அதைச் சொல்லும்போதே ரிசீவர் வழுக்கியது. வருகிற நாளும் குறித்தாகிவிட்டது. அன்றைக்கு மேல்தளத்து முறை.

அதுவரை கீழ்த்தளத்து நாள்களில் துணிந்து நனைந்து வந்தார். மேல்தளத்து நாள்களில் பேக்கரி வாசலிலேயே உட்கார்ந்து, வெயில் தாழ்ந்து, தலை காய்ந்த பிறகு வந்தார். ஆனால் மகள் வரும் அன்று மத்தியானமே வீட்டில் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் உட்கார்ந்து வழி தேடினார்கள்.

"தொப்பி போட்டுக்கங்களேன்."

"தலைய மூடினாலே குத்தம்னு சொல்லிட்டாங்க."

"துண்டால தொடச்சுக்கிட்டு வாங்க."

"அப்புறம் அந்த ஈரத்துண்டை எங்க ஒளிக்கிறது? அது வாக்குமூலம் மாதிரி கையில இருக்கும்."

"மொட்டை போட்டுடலாமா?"

"இப்ப கைய வச்சாத்தான் தெரியுது. மொட்டை போட்டா தெருமுனையிலயே தெரிஞ்சுடும்."

கடைசியில் மாஸ்டருக்கே தோன்றியது. வேலையில் கை ஈரமானால் என்ன செய்வார்? மாவைத் தொட்டுக்கொள்வார். மாவு ஈரத்தை உறிஞ்சிவிடும். தலைக்கும் அதுதானே? இத்தனை வருடமாகத் தோன்றவில்லையே என்று தன்னையே கடிந்துகொண்டார்.

மகள் வரும் நாளில், வேலை முடிந்ததும் அவசரமாகக் கை போன தொட்டியிலிருந்து மாவை அள்ளி உச்சந்தலையில் தேய்த்துக்கொண்டார். தலை பொருபொருவென்று காய்ந்தது. வெற்றியோடு வெயிலில் இறங்கினார்.

அவர் கை போனது வெறும் மாவுத் தொட்டியில் அல்ல. அடுத்த ஈடு பன்னுக்காகச் சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் எல்லாம் கலந்து, தண்ணீர் ஊற்றுவது மட்டும் பாக்கியாக வைத்திருந்த தொட்டி. தண்ணீரை மாஸ்டர் வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே வந்தார். அந்த வெயிலும் மாவு பொங்குவதற்கு அமைந்த பக்குவமான சூடு. தெருமுனை திரும்பும்போது தலை கனப்பது போல் இருந்தது. தொட்டுப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. அந்த நிலையிலும் அவருடைய தொழில்புத்தி, பதம் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டது.

செயலாளர் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தார். கை உள்ளே போனது. பாதியில் நின்றது. வெளியே வர மறுத்தது.

"மாஸ்டர், இது என்ன?"

"மாவு சார்."

கண்ணைத் திறந்தார். மற்றக் கையால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். மாடியில் தையல் மெஷின் நின்றது.

தையல்காரம்மா இறங்கி வந்து மாஸ்டரைச் சுற்றிவந்தார். "மாவு பிசைய தண்ணி வேணும். அந்தத் தண்ணி ஏது? அதைக் கேளுங்க முதல்ல."

"வேர்வைக்கா" என்றார் மாஸ்டரின் மனைவி, வாசலுக்கு ஓடிவந்து.

"வேர்வையா, தொட்டித் தண்ணியான்னு கண்டுபிடிக்க வழி இருக்கு. உப்புக் கரிச்சா வேர்வை. நக்கிப் பார்த்தாத் தெரிஞ்சுடும்."

"நக்குறது யாரு?" என்றார் செயலாளர்.

தையல்காரம்மா வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.

"நான் பார்க்கறேன்" என்றார் மனைவி.

"நீங்க அவர் கட்சி. செல்லாது."

ஏற்கெனவே மாவில் மாட்டியிருந்த கை தன்னுடையது என்பதால் செயலாளர்தான் தியாகம் செய்ய வேண்டியதாயிற்று. கையை உருவி, விரல் நுனியை நாக்கில் வைத்து, கண்ணை மூடினார்.

"உப்பு."

"பார்த்தீங்களா!" என்றார் மனைவி.

"நம்ம தொட்டித் தண்ணி மட்டும் என்ன, இளநீரா? அதுவும் உப்புதானே?" என்றார் தையல்காரம்மா.

செயலாளர் இன்னொருமுறை சுவைத்தார். முகம் குழம்பியது. "இனிக்கவும் செய்யுது. வேர்வை இனிக்குமா மாஸ்டர்?"

"சர்க்கரை போட்டிருக்கு சார். பன்னு மாவு."

"அவரே ஒத்துக்கிட்டாரு!" என்றார் தையல்காரம்மா. எதை ஒத்துக்கொண்டார் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான் என்று செயலாளருக்குப் பட்டது. வால்வைத் திருகும் சாவியை எடுத்துக்கொண்டு, கீழ்வீட்டுக் குழாயருகே சிரமப்பட்டு மண்டியிட்டார்.

"சார், இன்னைக்கு மட்டும் வேண்டாம் சார். பொண்ணு வருது, கைக்குழந்தையோட." மாஸ்டர் கும்பிட்டார். நெற்றி வழியாக மாவும் வேர்வையும் மூக்கு நுனிக்கு வந்து நின்றன.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே மாஸ்டர்? எனக்கு மட்டும் ஆசையா?"

அப்போதுதான் வாடகை வண்டி வந்து நின்றது. மகள் குழந்தையை மார்போடு அணைத்தபடி இறங்கினாள். மண்டியிட்டிருந்தவரைப் பார்த்தாள். அப்பாவின் தலையைப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்ல கண்ணு. பன்னு."

உள்ளே போக அவள் படியருகே வந்தாள். செயலாளர் எழுந்து நின்றார். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் கை வைப்பது அவருக்கு அதற்குள் சுபாவமாகியிருந்தது. மாவில்லாத கையால் மகளின் தலையைத் தொட்டார். காய்ந்த தலை. அதே வேகத்தில் கை கீழே இறங்கிக் குழந்தையின் தலையிலும் விழுந்தது.

கை அங்கேயே நின்றுவிட்டது.

"குழந்தையை எங்கம்மா குளிப்பாட்டுனீங்க?"

"குளிப்பாட்டறதா? வழியெல்லாம் தூங்கிட்டு வந்திருக்கான். பொறந்ததுல இருந்தே இப்படித்தான் சார், சும்மா இருந்தாலே ஊத்தும். டாக்டரே பயந்துட்டாரு. அப்புறம் எங்கப்பாவைப் பத்திச் சொன்னேன், சரின்னுட்டாரு."

செயலாளர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பேரனைப் பார்த்தார். தாத்தாவைப் பார்த்தார். வேறு எந்தச் சாட்சி சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். சொன்னது அவருடைய சொந்தக் கை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாஸ்டர், மன்னிச்சுக்கங்க. இந்த வீட்டு ஆளுங்களுக்கு இனிமே தலை பார்க்கறதில்ல."

மாஸ்டரின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், தையல்காரம்மாவைத் தவிர.

"அப்போ அவங்க நெஜமாவே குளிச்சா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

நியாயமான கேள்வி. செயலாளர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார். பிறகு அந்தக் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு சட்டம் பிறந்தது. மாஸ்டருடைய தலை எப்போதும் ஈரமாக இருப்பதுதான் இயல்பு. ஆகவே அவர் தலை ஈரமாக இருந்தால் குற்றமில்லை. காய்ந்திருந்தால், குளித்துத் துவட்டியிருக்கிறார் என்று பொருள். அன்றே வால்வு மூடப்படும்.

"இது சரியா வருதா மாஸ்டர்?"

"ரொம்ப சரி சார்" என்றார் மாஸ்டர். வாழ்நாளில் முதல்முறையாக, வேர்ப்பது அவருடைய கடமையாக ஆகியிருந்தது. அதைப்போல் அவர் ஒழுங்காகச் செய்யக்கூடிய காரியம் வேறொன்றுமில்லை. காய்ந்து இறுகிப்போன மாவை மனைவி கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்க எடுக்க, பேரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

குழந்தைக்குத் தண்ணீர் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. மாஸ்டர் தினமும் நனைந்து வந்தார். செயலாளரின் கை பச்சென்று ஒட்டியது. "சரி, போங்க" என்று அனுப்பி வைத்தார்.

பிறகு ஒருநாள் பேக்கரி அடுப்பில் ஏதோ கோளாறு. நெருப்பு பிடிக்கவில்லை. வேலையில்லாமல் சீக்கிரமே கிளம்பினார். வெளியே வந்தால் வெயிலையும் காணோம். வானம் முழுக்கக் கருத்துக் கிடந்தது. ஈரக்காற்று முகத்தில் மோதியது. தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யார் யாரையோ கட்டிக்கொண்டார்கள்.

மாஸ்டர் தலையைத் தொட்டுப் பார்த்தார். பஞ்சு போலக் காய்ந்திருந்தது.

வீட்டு வாசலுக்கு வந்தவர் உள்ளே நுழையாமல் திரும்பினார். ஓடத் தொடங்கினார். டப்பா தொடையில் இடிக்க, தெருக்கோடி வரை ஓடித் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தார். தொட்டுப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரமில்லை. மறுபடி ஓடினார்.

சன்னலில் குழந்தையோடு நின்ற மகள் கத்தினாள். "அப்பா, கைய வீசி ஓடுங்க! சீக்கிரம் வேர்க்கும்!"

"அண்ணே, படியேறி இறங்குங்க, அதுதான் சரி!" என்று மாடியிலிருந்து தையல்காரம்மாவும் யோசனை சொன்னார். மெஷின் நின்றிருந்தது.

படிக்கட்டின் அடியில் செயலாளர் கையைத் தயாராக மடியில் வைத்துக் காத்திருந்தார். மூச்சிரைக்க மூன்றாவது முறையாகக் கடந்துபோன மாஸ்டரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, ஏற்கெனவே பளிச்சென்று இருந்ததை மிக மிக நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

"அவசரமில்ல மாஸ்டர்" என்றார் தலைநிமிராமல். "நீங்க இன்னும் வரல. எனக்குக் கண்ணாடி இல்லாம ஒண்ணுமே தெரியாது."