டாங்கிக்கு அடியில் மெத்தை

அவருக்கு ஐஸ் மெக்கானிக் என்று பேர். ஆள் குளிர்ந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள், மூக்குக்கு மேல் கோபம் வருகிறவர். டாங்கி சுடுகிறது, தொடை வேகிறது என்று யார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும், "ஐஸ் மாதிரி ஆக்கித் தர்றேன், சும்மா நச்சரிக்காம அங்க உக்காரு" என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பேர் அது. இருபத்தாறு வருஷம் ஒரு ஷட்டர் அகலக் கடையில் குந்தி உட்கார்ந்து ஊரார் வண்டிச் சூட்டையெல்லாம் இறக்கினார். சொந்தத் தம்பி வண்டிக்கு மட்டும் தீ வைத்தார். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வது.

அப்பா போனபோது தம்பிக்கு நாலு வயது, இவருக்குப் பதினாறு. அன்றிலிருந்து இவர்தான் அவனுக்கு அண்ணன், அப்பன், எல்லாம். தம்பி வளர்ந்து பார்சல் கொடுக்கிற வேலைக்குப் போனான். காலையிலிருந்து சாயங்காலம் வரை வண்டியும் வெயிலும்தான்.

"அண்ணே, சிக்னல்ல நின்னா அடுப்பு மேல உக்காந்த மாதிரி இருக்கு. டாங்கிக்குள்ள பெட்ரோல் கொதிக்கிற சத்தமே கேக்குது" என்று ஒரு நாள் வந்து நின்றான்.

முதலில் செய்தது சரியான வேலைதான். அலுமினியத் தகட்டை வளைத்து இன்ஜினுக்கும் டாங்கிக்கும் நடுவில் மாட்டினார். தகட்டுக்கு மேலே ஒரு விரல் இடைவெளி விட்டார். "சூட்டை மறிக்கிறது தகடு இல்லடா, நடுவுல ஓடுற காத்து" என்று பாடமும் நடத்தினார். சூடு குறைந்தது. ஆனால் தகடு கடகடவென்று ஆடியது.

"நான் வர்றது அடுத்த தெருவுக்கே கேக்குதுண்ணே. பெல் அடிக்கிறதுக்குள்ள கதவைத் திறந்துடுறாங்க" என்று தம்பி சிரித்தான். கேலிதான். ஆனால் அது இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. தன் கை பட்ட வண்டியில் சத்தமா? ரெண்டு ரப்பர் துண்டு வைத்து முடுக்கியிருந்தால் தீர்ந்திருக்கும். விதி விட்டதா!

ஏசி மாட்டுகிறவர் ஒருவர், வேலை போக மிஞ்சிய வெள்ளித்தாள் ஒட்டிய பஞ்சு மெத்தையைக் கொடுத்திருந்தார். தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதை டாங்கியின் அடிவயிற்றுக்கு அளவெடுத்து வெட்டி, இடைவெளியே விடாமல் ஒட்டி, ஓரமெல்லாம் வெள்ளி ஒட்டுத்தாளால் மூடினார். இதற்காகப் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைக் கழற்றியபோது அதன் ரப்பர் வாஷர் காய்ந்து இறுகிக் கிடந்தது. புதுசு டப்பாவில் இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற எதிர்க்கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். தம்பி வேறு, "லேட்டாகுதுண்ணே" என்று காலில் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டவன் மாதிரி நின்றான். நகத்தால் அழுத்திப் பார்த்து, பழைய வாஷரையே போட்டு முடுக்கினார். "ரெண்டு நாள்ல வா, மாத்திடலாம்" என்றார். ரெண்டு நாள் ரெண்டு வாரமானது. இருவருக்குமே நினைவில்லை.

சூடும் இல்லை, சத்தமும் இல்லை. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் முழுக்க அண்ணன் புகழ் பாடினான். ஒன்பது பேர் வந்து அதே மெத்தையை ஒட்டிக்கொண்டு போனார்கள்.

சாதாரணமாக டேப்பு ஒழுகினால் சொட்டு தரையில் விழும், கண்ணில் படும். இங்கே ஒழுகியதையெல்லாம் மெத்தை குடித்தது. வெளியே பளபளவென்று வெள்ளித்தாள், ஒரு பொட்டு ஈரம் தெரியவில்லை. ஒரு மத்தியானம், பச்சை சிக்னல் விழுந்து வண்டியை உதைத்துக் கிளப்பியதும் தம்பியின் இரண்டு தொடைக்கும் நடுவிலிருந்து தீ எழுந்தது. பின்னால் நின்ற தண்ணி லாரிக்காரர் மண்ணை வாரிக் கொட்டி அணைத்தார். உயிர் தப்பியது. ஆனால் வலது முட்டி இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே இவர் ஓடிப்போய் வண்டியைப் பார்த்தார். எரியாமல் ஒரு மூலை மெத்தை மிஞ்சியிருந்தது. பிழிந்தார். விரலிடுக்கில் பெட்ரோல் ஒழுகியது. அங்கேயே உட்கார்ந்து தலை தலையாக அடித்துக்கொண்டார்.

மறுநாளே அந்த ஒன்பது வண்டியையும் வரவழைத்து மெத்தையைக் கிழித்து எறிந்தார். "பசை சரியில்ல" என்று மட்டும் சொன்னார். தம்பியிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த அவனோ வருகிற நர்ஸிடமெல்லாம், "இவருதான் எங்க அண்ணன். இவர் ஒட்டின ஷீட்டு இல்லைன்னா டாங்கியே வெடிச்சிருக்கும். உசிரோட இருக்கேன்னா இவராலதான்" என்று காட்டுவான். பதினோரு நாள் இதைக் கேட்டார். விஷயம் தெரிந்த எதிர்க்கடைக்காரர், "விடுப்பா, யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். "சறுக்கினா யானைதான்யா விழணும்! இங்க விழுந்து கிடக்கிறது என் தம்பி!" என்று கத்தினார்.

பன்னிரண்டாம் நாள் கட்டில் ஓரம் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், வாஷர் உட்பட.

தம்பி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"பெட்ரோல் வாசம் வந்துச்சுண்ணே" என்றான். "நாலஞ்சு நாளா வந்துச்சு. அண்ணன்கிட்ட காட்டுங்கன்னு வீட்ல அவகூட சொன்னா. அண்ணன் கை வச்ச வண்டிடி, இதுல எங்க ஒழுகப்போகுதுன்னு அவளைத்தான் திட்டினேன்."

காலைப் பிடித்து அழலாமென்றால், எந்தக் காலைப் பிடிப்பது? இரண்டிலும் கட்டு. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "நீ போண்ணே. இனி வராத. அவ பாத்துக்குவா."

அதோடு சரி. வீட்டுக்கு வந்த பிறகும் அவன் கூப்பிடவில்லை. எதற்கெடுத்தாலும் "மாமா, மாமா" என்று போன் பண்ணும் தம்பி பெண்டாட்டியும் கூப்பிடவில்லை.

கடையை இன்னும் திறக்கிறார், வேறென்ன தெரியும் அவருக்கு? போன வாரம் ஒருவன் வண்டியை நிறுத்தி, "ஐஸ் அண்ணே, டாங்கி சுடுது, ஏதாவது ஒட்டுங்களேன்" என்றான்.

"சுடட்டும். சுட்டா இறங்கி நிப்ப இல்ல" என்றார்.

பிறகு மண்டி போட்டு, டேப்புக்கு அடியில் மூக்கை வைத்து மோந்தார். அந்தப் பக்கம் போய் மறுபடி மோந்தார்.

"என்னண்ணே, நாய் மாதிரி மோந்து பாக்குறீங்க?" என்று அவன் சிரித்தான். அவர் எழுந்திருக்கவில்லை, இன்னொரு தடவை மோந்தார்.