அரநாயக்கவுக்குக் கொண்டுபோன ஐஸ்

காலை 8.30, மாவனல்லை.

சித்திரை வெயில் அப்போதே சுட்டது. நான் வேலை செய்யும் புடவைக் கடைக்குப் பக்கத்துக் குளிர்பானக் கடையான கூல் ஸ்பொட்டில் ஆறு பைக்கட் ஐஸ் வாங்கினேன். ஒன்று நூற்றைம்பது ரூபாய். சூடு ஏறாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் அதை அடுக்கும்போது கடைக்கார நானா மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, அரநாயக்க போய்ச் சேர்றதுக்குள்ள இது தண்ணி. சொல்லிட்டேன்."

"பதினஞ்சு கிலோமீட்டர்தானே நானா. ஒரு மணித்தியாலத்துல போயிரும்."

"பஸ்ஸ நம்பி ஐஸ் வாங்குற மொத ஆளு நீங்கதான்."

பெட்டி என் அக்காவுடையது. கலியாணத்துக்கு முன் அவள் பெந்தோட்டையில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தாள். அங்கே பார்த்துப் படித்த கொக்டெயிலைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டாள். அன்னாசிச் சாறு, பேஷன் பழம், தேசிக்காய், இடித்த இஞ்சி, கடுமையாக ஊற்றி ஆறவைத்த தேத்தண்ணி, உப்பு, நிறைய ஐஸ். அரநாயக்கப் பக்கத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும் விருந்தாளி வந்தால் ஒரு வாளி நிறையக் கலக்குவாள். கேட்கிற ஆண்களுக்கு மட்டும் தனி ஜக்கில் கொஞ்சம் சாராயம் சேரும்.

இரண்டு வருடத்துக்கு முன் டெங்கு வந்து அக்கா செத்துப்போனாள். இந்தப் பெட்டியை நான் எடுத்து வந்து வைத்துக்கொண்டேன். இன்னும் அவள் நம்பரை என் போனிலிருந்து அழிக்கவில்லை.

போன வாரம் மச்சான் பேசினார். "சுதா, நானும் செல்வியும் கலியாணம் ரெஜிஸ்டர் பண்ணிட்டோம். ஞாயித்துக்கெழம செல்வி வீட்டாளுங்க மொத தடவ வாறாங்க. உங்கக்கா கலக்குற மாதிரி நீ வந்து கலக்கித் தருவியா?"

போனை வைத்தேன். ஸ்டோர் ரூமில் புடவைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பிறகு "வாறேன்" என்று மெசேஜ் போட்டேன். எனக்கு அம்மா அப்பா இல்லை. அக்கா மகள் தர்ஷி மட்டும்தான். அவளுக்கு ஏழு வயது. புது மனைவிக்கு என்னைப் பிடிக்காமல் போனால் இனி எந்த உரிமையில் அந்த மலை ஏறுவது? இன்றைக்கு எல்லாம் சரியாக வரவேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

9.10, பஸ்.

பெட்டி மடியில், பழப் பை காலடியில். நாற்பது நிமிடம் ஓடிய பஸ், ஒரு றப்பர் தோட்டத்து ஓரத்தில் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் நிழலுக்கு இறங்கினோம். பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது.

"மாளுத நங்கி?" என்றார் கண்டக்டர். மீன்தானா தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்டார்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா துள்ளி விலகினார். "மீன் தண்ணியா இது? கோயிலுக்குக் கட்டிக்கிட்டுப் போற சீலடி!"

"ஐயோ, மீன் இல்லைங்க. ஐஸ். கொக்டெயிலுக்கு."

"கொக்டெயிலா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு மீனே பரவால்ல."

டயர் மாற்ற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது.

11.40, தோட்டம்.

டவுனிலிருந்து மேலே மூன்று கிலோமீட்டர், த்ரீவீலுக்கு நானூறு ரூபாய். மச்சான்தான் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஆறு பைக்கட் தண்ணீர்.

"இங்க கடையில ஐஸ் இல்லையே சுதா" என்று தலையைச் சொறிந்தார். "ஒரு மணிக்கு ஆளுங்க வந்துருவாங்களே."

நான் குசினிக்குப் போய் அன்னாசி வெட்ட உட்கார்ந்தேன். கண்ணீர் கண்ணை மறைத்தது. செல்வி வந்து எட்டிப் பார்த்தார். தோட்டத்து முன்பள்ளி டீச்சர் அவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். தண்ணீரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், தர்ஷியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபத்தில் போனாரோ என்று நினைத்தபடி அடுத்த அன்னாசியை எடுத்தேன்.

கால் மணித்தியாலத்தில் இருவரும் ஒரு பெரிய பேசினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். மேலே ஈரச் சாக்கு. சாக்கை எடுத்தால் ஐஸ்! தம்ளர் வடிவில், யோகட் கப் வடிவில், சோப்புப் பெட்டி மாதிரி ஒன்று. ஒரு வீட்டில் இட்டலித் தட்டிலேயே உறைய வைத்திருந்தார்கள்.

"ஐஸ் நெறைய வேணும்னு தர்ஷி சொன்னா. லயத்து வீடுகள்ல அஞ்சுல ஃப்ரிட்ஜ் இருக்கு. முந்தாநாளே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிட்டேன், இவருக்குத்தான் சொல்லல" என்றார் செல்வி. "நீங்களும் கொண்டாந்தா, மிச்சத்த பிள்ளைங்க சூப்பட்டும்னு நெனச்சேன்."

"டீச்சர், என் லன்ச் பொக்ஸ் ஐஸ் கழலவே மாட்டேங்குது!" என்றாள் தர்ஷி, முன்பள்ளிப் பழக்கத்தில்.

"வீட்டுலயுமா டீச்சர்? கவுத்துத் தட்டுடி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கலக்கியதும் தர்ஷி ஒரு கரண்டி குடித்துப் பார்த்தாள். "உப்புப் பத்தல. அம்மா இன்னும் போடுவாங்க."

செல்வி உப்புப் போத்தலை என் பக்கம் தள்ளினார். "அம்மா போடுற அளவு எனக்குத் தெரியாது. சித்திக்குத்தான் தெரியும்."

உண்மையில் எனக்கும் தெரியாது. விரல் நுனியில் அள்ளிப் போட்டேன். தர்ஷி மறுபடி குடித்து, கண்ணை மூடி, "ம்" என்றாள்.

1.30, விருந்து.

செல்வியின் அப்பா மூன்று கிளாஸ் குடித்தார். நாலாவதுக்கு என்னிடம் குனிந்து, "மகள், இன்னொரு ஜக்கு இருக்காமே?" என்றார்.

"அப்பா!" என்றார் செல்வி.

வாளியில் கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு இட்டலி ஐஸ்.

மாலை 4.00, புறப்பாடு.

பெட்டியைக் கழுவித் துடைத்துக் கையில் எடுத்தேன். செல்வி வாங்கிக்கொண்டார்.

"இத எதுக்கு பஸ்ஸுல தூக்கிக்கிட்டு அலையிறீங்க? இங்கயே இருக்கட்டும். ஐஸ நான் பாத்துக்கிறேன். அடுத்த மொற நீங்க பழம் மட்டும் கொண்டு வாங்க."

உள்ளே போய் அதை அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். அக்காவும் அங்கேதான் வைப்பாள். செல்விக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

டவுனில் காலையில் வந்த அதே பஸ் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடி வெறுமையாக இருந்தது, பாவாடையில் ஈரம் எப்போதோ காய்ந்திருந்தது. கண்டக்டர் டிக்கட் கிழிக்க வந்து என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"மாளு கோ நங்கி?" மீன் எங்கே என்று கேட்டார்.

"கெதர தியலா ஆவா" என்றேன். வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.