பின்வாசலால போற காசு

மேசன் வேலையில கல்லு வைக்கிறது லேசு. வைச்ச கல்லைக் கழட்டச் சொல்லுற வீட்டுக்காரரோட மல்லுக்கட்டுறதுதான் பெரும்பாடு. வீடு கட்டினவைக்கும் கட்டுவிச்சவைக்கும் நான் சொல்லாமலே விளங்கும்.

சண்டை முடிஞ்சு சனம் விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்த காலம். வீட்டுத்திட்டத்தில நான் கட்டிக் குடுத்த வீடுகளெல்லாம் ஒரே பிளான்: ரெண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. முன்வாசலில நிண்டு பார்த்தால் பின்வாசலுக்கால கடல் தெரியும். அந்தப் பிளானில ஒருத்தரும் குறை சொல்லேல்ல, றெஜினா அக்காவைத் தவிர.

கனடாவில இருந்து வந்த போன்

றெஜினா அக்காவின்ர புருசன் சூசையண்ணன் கடல்தொழில். ரெண்டு பேரும் தகரக் கொட்டிலில வெந்து, ஒருமாதிரிப் புதுவீட்டுக்கு வந்து ஒரு கிழமைதான். கனடாவில இருக்கிற அக்காவின்ர தங்கச்சி பெங்சுயி படிச்சிட்டாவாம். சீனாக்காரற்ர மனையடி சாத்திரம் எண்டு வையுங்கோவன். முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர் இருந்தால் வாற காசு வீட்டில தங்காதாம்.

"அக்கா, கடல்பக்கத்தால வாற கச்சான் காத்து வீட்டுக்குள்ளால போகட்டும் எண்டுதான் அப்பிடி வைச்சது" எண்டன். அக்கா கேட்டால்தானே!

"காத்துப் போற வழியாலதானாம் தம்பி காசும் போறது, கல்லை வைச்சு அடையுங்கோ."

அலுமாரிக் கண்ணாடி

பின்வாசலை அடைச்சு முடிய அடுத்த போன். படுக்கிற கட்டில் கண்ணாடியில தெரியக் கூடாதாம். அக்காவிட்ட இருந்தது ஆளுயரக் கண்ணாடி வைச்ச அலுமாரி ஒண்டு. அறையோ சின்னன். நானும் சூசையண்ணனும் அதை நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தம், கட்டில் தெரியாத மூலை இல்லை. முதுகு போனதுதான் மிச்சம். கடைசியில அக்கா பழைய சீலை ஒண்டை எடுத்துக் கண்ணாடியை மூடிப்போட்டா.

சூசையண்ணன் தாடையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "முகாமிலயும் கண்ணாடி இல்லாமல்தான் சவரம் எடுத்தனான், சொந்த வீட்டுக்கு வந்தும் அதே கதைதான்."

கச்சான் எழும்பின நாள்

அடைச்ச சுவருக்கு நான் வெளிப்பக்கம் பூசிக்கொண்டு நிக்கேக்க காத்துக் கிளம்பிச்சுது. காலமை பத்து மணிக்குக் கரைக்கு வாற சூசையண்ணன் பன்னிரண்டாகியும் வரேல்ல. ஒரு போட் சத்தம் கேட்டுது. அக்கா குசினியில இருந்து பழக்கத்தில பின்பக்கம் ஓடி, நான் வைச்ச சுவரில உள்பக்கமாக் கையை ஊண்டி நிண்டிருக்கிறா. பிறகு முன்வாசலால இறங்கி, வீட்டைச் சுத்தி ஓடி வந்து கடலைப் பார்த்தா. அது வேற ஆக்கள். திரும்பிப் போனா. அடுத்த சத்தத்துக்கு மறுபடி அதே ஓட்டம்.

மூண்டாந்தரம் ஓடி வரேக்க அவவுக்கு மூச்சு வாங்கிச்சுது, அந்தோனியாரைக் கூப்பிட்டு அழுதா. நான் பூச்சுக்கரண்டியைச் சாந்துச் சட்டிக்குள்ள போட்டன். அந்தப் பாழாப்போன சுவரை நான்தானே கட்டினனான்!

ரெண்டு மணிபோல ஒரு போட் இன்னொண்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துது. இழுபட்டு வந்ததில சூசையண்ணன். நனைஞ்சு விறைச்சு ஏறி வந்து, "எஞ்சின்தானே பழுது, ஏனப்பா அழுகிறாய்?" எண்டார். அக்கா கண்ணைத் துடைச்சுக்கொண்டு என்ர பக்கம் திரும்பினா.

"தம்பி, பூசினது காணும், அந்தச் சுவரை உடையுங்கோ."

உடைக்கேக்க வந்த போன்

அடுத்த நாள் நான் சுத்தியலால அடிக்கிற சத்தம் கனடாவுக்கும் கேட்டிருக்கு. போனில தங்கச்சி ஒரே கத்தல், காசெல்லாம் போயிடுமாம். அக்கா உடைஞ்ச ஓட்டைக்கால கடலைப் பார்த்துக்கொண்டு நிண்டா. தூரத்தில சூசையண்ணன் எஞ்சினைக் கழட்டிக்கொண்டு இருந்தார்.

"பிள்ளை, உனக்குக் காசு எந்த வாசலால வருதோ தெரியாது, எனக்குக் காசும் மனுசனும் பின்வாசலாலதான் வாறது."

இவ்வளவு காலத்தில நான் கட்டின சுவரை உடைக்கச் சொல்லியும் எனக்குக் கோவம் வராதது அந்த ஒருக்காத்தான்.