தெக்கேவிளை ஊர் அல்ல: கொல்லயிலுக்கு ஒரு திருத்தப் பயணம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கேரள எல்லையில் பாறசாலைக்குப் பக்கத்திலிருக்கும் கொல்லயில் பஞ்சாயத்துக்குப் போய்வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. நான் செய்த ஒரு தப்பை, அதனால் பாதிக்கப்படக்கூடியவரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வர. களப்பணி செய்து கட்டுரை எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் இப்படி ஒரு பயணமாவது மிச்சமாகும்.

என் தொழில் கிளினிக்கல் சோஷியாலஜி. "நீ டாக்டரா?" என்று என் சித்தப்பாவே இன்னும் கேட்கிறார். இல்லை சித்தப்பா. ஒரு வீட்டிலோ ஊரிலோ இருக்கும் சிக்கலைச் சமூகவியல் கண்ணால் பார்த்து, அந்த ஆட்களோடே உட்கார்ந்து மாற்றுவழி தேடுவது என் வேலை. கொல்லயிலில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் பெண்களை மாதம் இருமுறை கூட்டிப் பேசவைத்தேன். வீட்டு ஆண்களையும் உட்காரவைத்து, யார் எந்த நாள் பார்ப்பது என்று முறைப்பட்டியல் போட்டோம். அதைக் கட்டுரையாக எழுதினேன். யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய ஓப்பன் அக்சஸ் இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. இதழில் வருமுன்பே எல்லாரும் பார்க்கட்டும் என்று அதன் முன்பிரதியை நானே இணையத்தில் ஏற்றி இரண்டு வாரம் ஆகியிருந்தது. தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தப் பெருமையில், அங்கே வீடுவீடாகப் போகும் சுகாதாரப் பணியாளராக (ஆஷா) இருக்கும் ஷீபாவுக்கும் அனுப்பிவைத்தேன். ஞாயிறு மதியம் குரல் செய்தி வந்தது. "டீச்சரே, பேர மாத்தினது செரி. ஆனா தெக்கேவிளைண்ணு போட்டிருக்கியளே, அது ஊரில்ல. வசந்தா அக்காவுக்க வீட்டுப் பேராக்கும். இங்க உள்ளவன் கண்டா ஒரு நிமிஷத்துல ஆளு யாருண்ணு சொல்லிருவான்."

இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பெயர் உண்டு; ஆளை அடையாளம் சொல்வதே அதை வைத்துத்தான். மதுரைக்காரியான நான் கூட்டத்தின் வருகைப் பதிவேட்டில் தெக்கேவிளையைப் பார்த்து ஏதோ சிற்றூர் என்று நினைத்துவிட்டேன். கட்டுரையில் அந்தப் பெயருக்குக் கீழேதான் வசந்தா அக்கா கூட்டத்தில் அழுதுகொண்டே சொன்னது இருந்தது: மாமனார் சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று சில நாள் வேண்டிக்கொள்கிறேன். நாலு சுவருக்குள் சொன்ன பேச்சு. கணவர் வீட்டார் காதில் விழுந்தால் அவர் கதி என்ன?

இறுதித் திருத்தம் அனுப்பப் புதன்கிழமை கடைசி. வீட்டுப் பெயரைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முன்பிரதியை ஏற்கெனவே பதினோரு முறை இறக்கியிருந்தார்கள். மறைக்க மனசு ஒப்பவில்லை. கட்டுரையே வேண்டாம் என்று அவர் சொன்னால் திரும்பப் பெற்றுவிடுவது என்று தீர்மானித்துக் கிளம்பினேன்.

திங்கள் சாயங்காலம் நாகர்கோவிலில் தங்கினேன். அறை 750 ரூபாய். மறுநாள் காலை ஆறரைக்குத் திருவனந்தபுரம் பாசஞ்சர், டிக்கெட் 10 ரூபாய். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடம். பாறசாலையில் இறங்கினேன். கொல்லயில் போக அடுத்த ஸ்டேஷனான தனுவச்சபுரம்தான் பக்கமாம். எல்லா வண்டியும் நிற்காது, விசாரித்துக்கொள்ளுங்கள். ஆட்டோ 130 ரூபாய். ஓட்டுநரிடம் வார்டு நம்பரெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். "வீடு ஏதாக்கும்?" என்றார். தெக்கேவிளை என்றேன். "ஓ, தளர்ந்து கிடக்கிய தங்கப்பன் மேஸ்திரிக்க வீடா? வழி சொல்லாண்டாம், கேறுங்க."

நான் காப்பாற்றிய ரகசியத்தின் லட்சணம் அது.

ஷீபா வாசலில் காத்திருந்தார். வசந்தா அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நடந்ததைச் சொன்னேன். "எல்லாரும் படிக்கலாம்ணு சொல்லுதியளே, எனக்கு வாசிக்க முடியாதே. இங்கிலீஷ்லல்லா கிடக்கு. வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அந்த இடம் வந்ததும் முகம் இறுகிவிட்டது.

"ரெண்டு வாரமா இது அங்க கிடக்குதா?"

"ஆமாக்கா. தப்பு என்னோடதுதான்."

"மச்சினருக்க மொவ காலேஜ்ல படிக்கா. அவ கண்டா, நான் எந்த மொகத்த வச்சிட்டு இந்த மனுஷனுக்குக் கஞ்சி கொடுப்பேன்?"

கையிலிருந்த துணியைப் பிழிந்து போட்டுவிட்டு அவரே கேட்டார். "அதுக்குப் பொறவு நான் ஒரு காரியம் சொன்னேனே, அது எங்க? வாரத்துல ஒரு நாளு எனக்கு லீவு வேணும்ணு சொன்னேன்லா? அழுதத எழுதியிருக்கு. கேட்டத எழுதல்ல."

குறிப்பேட்டில் இருந்தது. இதழின் சொல் வரம்புக்காக நான்தான் வெட்டினேன். அவமானமாக இருந்தது. தொடர்ந்து முடிவுரையையும் படித்தேன்: முறைப்பட்டியல் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஷீபா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வசந்தா அக்கா சிரித்துவிட்டு அறைக்கதவின் பின்னால் ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டினார். முதல் இரண்டு மாதத்துக்குத்தான் குறி போட்டிருந்தது. "பொறவு யாரும் வரல்ல. நீங்களும் வரல்ல."

"கட்டுரையே வேண்டாம்னா எடுத்துடுறேன்க்கா."

"எடுக்காண்டாம். அந்தப் பேச்சயும் வீட்டுப் பேரையும் எடுங்க. லீவு கேட்டதப் போடுங்க. யாரும் வரல்லைங்கியதயும் போடுங்க." கையைத் துடைத்தார். "இண்ணைக்கு மச்சினருக்க முறை. அவரு வரமாட்டாரு. நீங்க வந்திருக்கியளே, நான் கொஞ்சம் வெளிய எறங்குதேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் சேலை மாற்றிக் குடையோடு நின்றார். பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடணும், முதுகு பொட்டிப் புண்ணாகாம பவுடர். "சாயங்காலம் வாறேன்." போயே விட்டார். புரட்டும் விதத்தைக் காட்டிவிட்டு ஷீபாவும் வேலைக்குப் போனார். மதுரைக்கு மதிய ரயிலில் நான் எடுத்திருந்த ரிசர்வேஷனும் போயிற்று.

அக்காவின் மாமனாரான மேஸ்திரிக்கு ஒரு பக்கம் அசையாது, பேச்சும் இல்லை. நாலு வருஷமாக இப்படி. முதல் தடவை புரட்டவே எனக்கு வியர்த்துக் கொட்டியது. கஞ்சி முக்கால் மணி நேரம். பாதி அவர் கழுத்தில். மூன்றாவது முறை விரிப்பு மாற்றும்போது இடுப்பு விட்டுப்போயிற்று. இந்த மனுஷன் போய்ச் சேர்ந்தால்தான் என்ன என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை.

வசந்தா அக்கா ஐந்தரைக்கு வந்தார். பக்கத்து ஊரான செங்கலில் இருக்கும் கோயிலுக்குப் போனீங்களா என்றேன். "எங்கயும் இல்ல. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுல ஒரு சாயா குடிச்சேன். பொறவு தங்கச்சி வீட்டுல போயி உறங்கினேன்" என்றார்.

திருத்தங்களை அன்றே பாறசாலை ஸ்டேஷனில் உட்கார்ந்து அனுப்பினேன். முன்பிரதியை நீக்கச் சொல்லி எழுதினேன், நீக்கிவிட்டார்கள். இறக்கிய பதினொன்று எங்கே இருக்கிறதோ, அந்த உறுத்தல் போகாது. இந்தப் பக்கம் வேலை செய்யப் போகிறவர்களுக்கு: வீட்டுப் பெயரையும் ஆளின் பெயராகவே நினையுங்கள். எதையும் வெளியிடுமுன் சொன்னவரிடம் அவர் மொழியில் முழுதாகப் படித்துக் காட்டுங்கள். இந்தப் பதிவில் வீட்டுப் பெயரும் ஆட்களின் பெயர்களும் மாற்றியவை; அக்காவுக்குப் போனில் முழுதும் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே போடுகிறேன். அன்றே திரும்ப டிக்கெட் போடாதீர்கள்.

மச்சினருக்கு நெய்யாற்றின்கரைப் பக்கம் அதியன்னூரில் வீடு. நாலு முறை கூப்பிட்டுப் பார்த்தேன், போனை எடுக்கவில்லை. வரும் செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு அவர் வாசலில் நிற்பேன். கையோடு தெக்கேவிளைக்குக் கூட்டிக்கொண்டு வராமல் நகரப்போவதில்லை.